சோடா லாரிக்கு நான் போட்ட ஸ்பிரிங்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது வருடங்களாக ஸ்பிரிங்கைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஆனால் ஒரு ஸ்பிரிங்கை நானே தேர்ந்தெடுத்து வண்டியில் மாட்டியது ஒரே ஒரு முறைதான். அதைப் பற்றி எங்கள் சர்ச் பங்கில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் சோடா பாட்டில் ஏற்றிக்கொண்டு திரிந்த பழைய சின்ன லாரி அது. உருண்டை மூக்கு, தவளைக்கு இருப்பது போல் இரண்டு விளக்குகள். ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் காதல் வந்துவிட்டது. (என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வந்தது வேறு. அதை இங்கே எழுத முடியாது.) "வீட்ல நாலு பேர். லாரி எதுக்குங்க?" என்று கேட்டாள். "கிறிஸ்துமஸுக்கு வீடு வீடா கேரல் பாடப் போக" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் சாந்தோம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்குமேல் பின்வாங்க முடியுமா?

கே.கே. நகரில் பட்டறை வைத்திருக்கும் தணிகாவிடம் வண்டியை விட்டேன். ஒரு வருடத்தில் இன்ஜின் பேசியது, கிளிப்பச்சைப் பெயின்ட் மின்னியது. மிச்சம் இருந்தது முன்பக்கத்து சஸ்பென்ஷன் மட்டும்தான். அதாவது, பள்ளத்தில் விழும்போது நம் முதுகெலும்பைக் காப்பாற்றும் சமாச்சாரம்.

"சார், பழைய இரும்புப் பட்டையே நல்லாத்தான் கீது" என்றார் தணிகா. "துரு எட்த்துட்டு, புதுசா ரெண்டு ஷாக் அப்சார்பர் போட்டுக்கலாம். கொஞ்சம் தூக்கிப் போடும். லாரின்னா அப்டித்தான்."

"தூக்கிப் போடக் கூடாது தணிகா. கார் மாதிரி மிதக்கணும்."

"அப்போ புதுப்பேட்டைல ஒரு பழைய காரோட முன்பக்கத்த அப்டியே கழட்டினாந்து வச்சிடலாம். ஆனா ஸ்பிரிங்கு கெட்டியா இருக்கணும். மெத்துனு போட்டா முன்னாடி தொட்டில், பின்னாடி லாரின்னு ஆய்டும். ஆடிக்கினே இருக்கும் சார்."

நான் பேனாவை எடுத்தேன். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, விசை, நீட்சி, ஸ்பிரிங் மாறிலி என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன். தணிகா கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். வந்த டீ ஆறியே போய்விட்டது. இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பிரிங்தான் சரி என்று கணக்கு சொன்னது. (வண்டியின் எடை, என் எடை, இரண்டையும் துல்லியமாகச் சேர்த்திருந்தேன். பின்னால் நிற்கப்போகிற பாடகர் குழு மட்டும் கணக்கில் இல்லை.) காரோடு வந்த பழைய ஷாக் அப்சார்பர்களே போதும் என்றும் சொல்லிவிட்டேன். ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை என்று பரீட்சையில் நானே இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன்.

தணிகா அட்டையை மடித்து என்னிடமே கொடுத்தார். "நைனா, நீ வாத்தியாரு. நா இன்னா சொல்றது?"

தனியாக அடையாறு வரை ஓட்டிப் பார்த்தேன். மிதந்தது! வேகத்தடை வந்ததே தெரியவில்லை. அன்று என்னை நானே மூன்று முறை பாராட்டிக்கொண்டேன்.

இதற்கிடையில் ஸ்டெல்லாவின் தம்பி லாரன்ஸுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். தரமணியில் கம்ப்யூட்டர் வேலை, தங்கமான பையன், கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. பெண் வேறு யாருமில்லை. எங்கள் தலைமையாசிரியர் சகாயம் சாரின் மகள் மெட்டில்டா. கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். சார் பிடி கொடுக்காமல் "யோசிச்சு சொல்றோம்" என்றே இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா ஒரு திட்டம் போட்டாள். கேரல் குழு கோட்டூர்புரத்தில் சார் வீட்டுக்கு முதலில் போகும். லாரன்ஸ்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. பாட்டு முடிந்ததும் தாடியைக் கழற்றிவிட்டு, கேக் சாப்பிடுகிற சாக்கில் பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசுவான்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். பின்னால் பதினான்கு பேர், டிரம் ஒன்று. லாரன்ஸ் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, கேபின் கூரையைப் பிடித்தபடி நின்றான். பதினான்கு பேரும் ஏறியதும் லாரியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. எனக்குச் சாலைக்குப் பதிலாக மின்கம்பங்களின் உச்சிதான் தெரிந்தது. பிரேக் போட்டால் அதே மூக்கு தரையை முகர்ந்தது. மந்தைவெளி தாண்டுவதற்குள் லாரன்ஸ் கூரையில் இரண்டு தட்டு தட்டினான். "மாமா, கேக் சாப்பிட ஆளா போய்ச் சேரணும் மாமா!"

போய்ச் சேர்ந்தோம். வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். சகாயம் சார் வெளியே வந்தார். படியில் மெட்டில்டா கேக் தட்டோடு நின்றாள். முதல் பாட்டு அமைதியானது, பிரச்சினை இல்லை. இரண்டாவது பாட்டுக்கு டிரம் அதிர, பிள்ளைகள் கைதட்டிக் குதிக்க ஆரம்பித்தார்கள்.

நின்ற வண்டி மெல்லத் தலையாட்டியது. பாட்டை ரசிக்கிறது என்று நினைத்தேன். அடுத்த தாளத்துக்கு இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததற்கு என் தலை கூரையில் இடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கியரைப் போட்டேன், மாதாவைக் கூப்பிட்டேன். நான்தான் ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்த குழு இன்னும் உற்சாகமாகக் குதித்தது.

படியிலிருந்து மெட்டில்டா கத்தினாள். "குதிக்காதீங்க! ஒத்ததிர்வு! ஒத்ததிர்வு!"

இருபது வருடம் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியவன் நான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள ஆட்டம் ஏறுவதைப் பக்கம் பக்கமாக விளக்கியவன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவேயில்லை. பூகம்பம் என்றுதான் நினைத்தேன். "ஒத்து" என்பது மட்டும் காதில் விழுந்த குழுவினரோ, ஒன்றாகச் சேர்ந்து குதித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து லாரன்ஸ் பெண்ணுக்குக் கையசைத்தான். பிடி போய்விட்டது. என் கண்ணெதிரே, முன் கண்ணாடிமேல், சிவப்பாக ஒரு உருவம் தலைகீழாக வழுக்கிக்கொண்டு போனது. பானெட்டில் ஒரு புரள் புரண்டு, தரையில் போய் உட்கார்ந்தது. தாடி வைப்பரில் தொங்கியது. சட்டைப் பொத்தான் தெறித்துத் தலையணை வெளியே வந்தது. அதுதான் அவன் விலா எலும்புகளைக் காப்பாற்றியிருந்தது. பாட்டு நின்றுபோனது. வண்டி மட்டும் ஆளில்லாத தொட்டில் போல ஆடிக்கொண்டேயிருந்தது.

சகாயம் சார் வண்டியைச் சுற்றி வந்து என்னிடம் நின்றார். "அலைவுகள் எத்தனாவது பாடம் சார்?"

"பத்தாவது சார்."

"ஒரு தடவை படிச்சிருங்க."

மெட்டில்டா தட்டை வைத்துவிட்டு ஓடி வந்து, தலையணையைத் தூசி தட்டி லாரன்ஸிடம் நீட்டினாள். "அடி பட்டுடுச்சா?" வாயில் ஒட்டிய பஞ்சைத் துப்பிவிட்டு அவன், "இல்லீங்க. மெரி கிறிஸ்துமஸ்" என்றான். அவள் சிரிப்பு தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது யாரும் வண்டியில் ஏறவில்லை. டிரம்மைக்கூட ஆட்டோவில் கொண்டுபோனார்கள். தனியாக ஓட்டிவந்தேன். அருமையாக மிதந்தது, பாவி வண்டி.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். தணிகா ஒரு மூலையைக் காட்டினார். கெட்டி ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று சகாயம் சார் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. "அத்தன பேர் முன்னாடி விழுந்தும், வண்டி ஓட்டினவர ஒரு வார்த்த திட்டல. அதான் சரின்னு சொன்னேன்" என்றாள் மெட்டில்டா, கல்யாணத்துக்குப் பிறகு. (திட்ட மூச்சு வரவில்லை என்பது லாரன்ஸ் என்னிடம் தனியாகச் சொன்னது.)

இப்போது அவளும் எங்கள் வீட்டுப் பெண். நான் எதைத் தேர்ந்தெடுத்தாலும், குக்கரோ குடையோ, ஸ்டெல்லாவும் அவளுமாகச் சேர்ந்துகொண்டு ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "இது தணிகா சொன்னதா, நீங்க கணக்குப் போட்டதா?"

போன வாரம் மிக்ஸி வாங்கினோம். கடையிலிருந்தே தணிகாவுக்குப் போன் போட்டேன்.

"சார், நா லாரி மெக்கானிக்கு சார். மிக்ஸி பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம் தணிகா. போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நல்லா கீதுன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க."