புள்ளிக்கோட்டு உறவு

வேர்தோண்டி என்று ஒரு மனித இனம் உண்டு. கையில் மண்வெட்டி இருக்காது. தடித்த கோப்பு ஒன்று இருக்கும். உயிரோடிருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் பிறந்தநாள்கூட நினைவிருக்காது. ஆனால் செத்து இருநூறு வருஷமானவருக்கு எந்தக் கிழமையில் ஞானஸ்நானம் நடந்தது என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அமெரிக்காவின் மிசௌரி ஆற்றங்கரையில், ஜெர்மன்காரர்கள் வந்திறங்கிய எங்கள் ஊர்களில், லூத்தரன் கிறிஸ்தவக் கோயிலுக்கு ஒன்று வீதம் இந்த இனம் செழித்து வாழ்கிறது. எங்கள் கோயிலுக்கு வாய்த்தவர் டெல்மர் ஹோல்ட்மேயர்.

டிராக்டர் உதிரிபாகம் விற்று ஓய்வு பெற்றவர். கல்யாண நாளுக்கு மனைவி லவெர்னை எங்கே அழைத்துப் போவார் என்று நினைக்கிறீர்கள்? இடுகாட்டுக்கு. ஒரு வருஷம் இந்த ஊர் இடுகாடு, மறு வருஷம் பக்கத்து ஊர் இடுகாடு. துக்க வீட்டுக்குப் போனால் விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரோட பாட்டி எந்தக் குடும்பத்துப் பொண்ணும்மா?" என்று கேட்பார். விருந்துக்கு வந்தவர்களிடம் மரபணுச் சோதனைக் குழாயை நீட்டி, "இதுல கொஞ்சம் துப்பிட்டு அப்புறம் சாப்பிடுங்க" என்பார். மாவட்டச் சந்தையில் எந்தக் குடும்பப் பெயரைச் சொன்னாலும் ஒரு குலச் சின்னம் அச்சடித்துத் தருகிற கடை ஒன்று உண்டு. அங்கே வாங்கிய சிங்கம் அவருடைய தொப்பியிலும் காப்பிக் கோப்பையிலும் தபால் பெட்டியிலும் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆனால் அவருடைய உயிர் வேறொன்றில் இருந்தது. எட்டடி நீளத் துணியில் எழுதிய வம்ச மரம். உச்சியில் கெர்ஹார்ட் ஹோல்ட்மேயர், கப்பலேறி வந்த மூதாதை. அவருக்குக் கீழே இருநூற்றுப் பதினொரு பெயர்கள். எல்லாம் கறுப்பு மையில் கெட்டிக் கோடு. ஒரே ஒரு பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு.

அது ஜோலீன். டெல்மரின் தம்பி நார்பர்ட் இரண்டு வயதில் தத்தெடுத்து வளர்த்த பெண். தம்பி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. ஆகஸ்டு மாதக் குடும்ப ஒன்றுகூடலுக்கு நூற்றைம்பது பேருக்கு உருளைக்கிழங்கு சாலட் கிளறுகிறவள் அவள்தான். பெரியப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போகிறவளும் அவள்தான். வருஷா வருஷம் கேட்பாள்.

"பெரியப்பா, இந்த வருஷமாவது என் கோட்டை நிரப்பிடுங்களேன். எங்கப்பா பேரோட ஒட்டி இருக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

"உன்மேல பாசம் இல்லாமலா? ஆனா இது ரத்தக் கணக்கும்மா. ஆதாரம் வேணும்ல?"

பாசம் இருந்தது, பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இந்த ஆகஸ்டில் ஆதாரம் வந்தது. ஜெர்மனியில் கெர்ஹார்டின் ஊர்க் கோயில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு டெல்மர் எழுதியிருந்தார். ஒன்றுகூடலுக்கு முந்தின நாள் பதில் கிடைத்தது. மூன்று பக்கம், சுத்த ஜெர்மன். முப்பது வருஷம் ஜெர்மன் வேரைத் தோண்டியவருக்கு ஜெர்மன் மொழியில் பீருக்கும் தொத்திறைச்சிக்கும் மேல் ஒரு சொல் தெரியாது. குடும்பத்திலேயே அதைப் படித்தவள் ஒருத்திதான். யாரென்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் கோயில் கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரத்தம் எப்பேர்ப்பட்ட ரத்தம்னு இன்னைக்கு எல்லாரும் கேட்கப் போறீங்க" என்று முழங்கிவிட்டு, கடிதத்தை ஜோலீனிடம் நீட்டினார். அவள் மனசுக்குள் ஒருமுறை படித்தாள். முகம் மாறியது.

"பெரியப்பா, இத வீட்டுல போய் வாசிக்கட்டுமா?"

"கூச்சப்படாத. சத்தமா வாசி!"

மொழிபெயர்த்துக்கொண்டே வாசித்தாள். "கெர்ஹார்ட் பிறந்தது ஷ்ரேடர் குடும்பத்துல. நிலம் இல்லாத கூலிக்காரங்க. ஹோல்ட்மேயர் பண்ணையோட விதவையைக் கட்டிக்கிட்டாரு. எங்க பக்கத்து வழக்கப்படி பேரு பண்ணைக்குத்தான், ஆளுக்கு இல்ல. எவன் அந்தப் பண்ணைக்கு வாழப் போறானோ அவனுக்கு அந்தப் பேரு. அந்தம்மா செத்ததும் வேற கல்யாணம் பண்ணாரு. முதல் புருஷனோட பையன் பெரியவனானதும் பண்ணையை அவன்கிட்ட கொடுத்துட்டு, இரண்டாவது மனைவி, பிள்ளைகளோட அமெரிக்கா போயிட்டாரு. பேரை மட்டும் கையோட எடுத்துட்டுப் போனாரு."

கடைசி மேசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப நம்மள்ல ஒருத்தனுக்கும் ஹோல்ட்மேயர் ரத்தம் இல்லியா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். சிங்கத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்து வெயிலும் இடுகாட்டுப் புல்லும் கண்முன் வந்து போயிருக்கும். சிரிக்க வந்த எனக்கே அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பு அடங்கிவிட்டது.

லவெர்ன் எழுந்து வந்து பேனாவை அவர் கையில் வைத்தாள். "சொல்லுங்க. ரத்தக் கணக்குன்னா கெர்ஹார்ட்டுல ஆரம்பிச்சு உங்க வரைக்கும் புள்ளிதான் வைக்கணும். வைக்கிறீங்களா?"

அவர் வைக்கவில்லை. முழங்கால் முட்டி நோக, துணியின் அடிப்பக்கம் குனிந்தார். நார்பர்ட்டுக்கும் ஜோலீனுக்கும் நடுவே இருந்த பதினான்கு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கோடு கோணல். ஜோலீன் அழுதாள். அப்புறம் சாலட் கிளறப் போய்விட்டாள்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மூன்றே வாரம். தபால் பெட்டியில் ஷ்ரேடர் பெயரில் புதுச் சின்னம் ஏறிவிட்டது. இந்த முறை கழுகு. "கூலிக்காரன்னு எழுதியிருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி யாரு தெரியுமா..." என்று ஆரம்பிக்கிறார். ஷ்ரேடர் பெயரில் எழுதத் தொடங்கிய புது மரத்திலும் ஜோலீனுக்குக் கெட்டிக் கோடுதான். அதைச் சொல்லாவிட்டால் பாவம் எனக்கு.

நீங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள்? இதைப் படித்துக்கொண்டே, உங்கள் கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு அரண்மனையில் பெரிய பதவியில் இருந்ததாக அத்தை சொன்ன கதை நினைவுக்கு வரவில்லையா? வந்ததல்லவா? அப்படியானால் எழுந்து போய், உங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறவருக்கு நீங்கள் எந்தக் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.