மண்டை அண்ணாச்சியின் மராத்தி

ஒரு மனிதரின் மண்டையைப் பார்த்த பிறகே முகத்தைப் பார்க்கிறவர், புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் மண்டை அண்ணாச்சி ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெளிநாட்டு ஆஸ்பத்திரி அனுப்பும் ஸ்கேன் படங்களிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் மூளையை உருவாக்குவது வேலை. மவுஸால் பிடித்துச் சுழற்றலாம். ஓரிடத்தைத் தொட்டால், அங்கே யாருக்குப் பேச்சு, யாருக்குக் கையசைவு என்று நிறம் மாறிக் காட்டும்.

“ரெண்டு மூளை ஒண்ணு போல இருக்காதுவே. உம்மோடது தனி ரகம்” என்று தினமும் என்னைத் திட்டுவார். எல்லாவற்றையும் கூட்டி ஒரு சராசரி மூளை போடச் சொன்னார் மேனேஜர். அண்ணாச்சி கீபோர்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மூன்று டீ. “சராசரி மனுசன் ஒருத்தனக் கூட்டிட்டு வரச் சொல்லும், போடுதேன்.”

திருநெல்வேலிக்காரர். புனேயில் பன்னிரண்டு வருஷமாகக் கற்ற மராத்தி, பஸ் கண்டக்டர் முன்னால் நகரச் சொல்லும் ‘புடே சலா’ மட்டும். மீதியை மனைவி செண்பகம் பார்த்துக்கொள்வார். அங்கேயே போபோடியில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண்.

ஒரு மழைக்காலத்தில் செண்பகத்துக்குப் பக்கவாதம் வந்தது. பத்து நாள் பேச்சில்லை. பிறகு வந்தது, மராத்தி மட்டும். தமிழில் கேட்டால் விழித்தார்.

அண்ணாச்சி அவருடைய ஸ்கேனை எங்கள் திரையில் ஏற்றி, சாப்பாட்டு நேரம் முழுக்கச் சுழற்றினார். “இந்தா, இந்த இடம் செத்துப்போச்சு. தமிழ் எங்கவே இருந்துச்சு?”

மொழிவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறம் எங்களிடம் இல்லை.

ஒருநாள் செண்பகம், “ஜேவ்லாத் கா?” என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டீர்களா என்று. அண்ணாச்சி பதறிப்போய், தெரிந்த ஒன்றைச் சொன்னார்: “புடே சலா.”

“சிரிச்சிட்டாவே! வாய் கோணித்தான், ஆனா சிரிச்சா!” என்று மறுநாள் ஆபீஸில் என்னிடம் கத்தினார்.

அதன்பின் காய்கறிக்காரி, வாட்ச்மேன் என்று கண்டவரிடமெல்லாம் மராத்தி படித்தார். அவர் மராத்தியில் மனைவி உட்படச் சகலரும் ஆண்பால். செண்பகம் திருத்துவார், அவர் மறுபடி தப்பாகச் சொல்வார்.

அடுத்த மழைக்குள் பக்கவாதம் இரண்டாம் தடவை வந்தது. அந்த மராத்தியும் போயிற்று. நாலாம் நாள் செண்பகமும் போனார்.

செண்பகத்தின் ஸ்கேனையும் மற்றவற்றோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தனியா இருக்கட்டும் சார். கூட்டத்துல கலந்திராதீங்க” என்றார் அண்ணாச்சி, தாழ்ந்த குரலில்.

வேலையை விட்டு ஊருக்குப் போகும்வரை அவர் என்னை ஒருநாள்கூடத் திட்டவில்லை. திட்டட்டும் என்று வேண்டுமென்றே புரோகிராமைத் தப்புத் தப்பாக எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். பேசாமல் திருத்தி வைத்துவிட்டுப் போனார்.