தீபத் தட்டில் வந்த கணக்கு

ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி ஜெயபாலனுக்கு அக்கா மங்களம் எழுதுவது.

இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. நேற்று தைப்பிங்கிலிருந்து தொலைபேசியில் நீ கத்திய கத்தலிலேயே உன் நெஞ்சு பலமாக இருப்பது தெரிந்தது. "கையெழுத்தப் போட்டுட்டுப் போக்கா, ஏன் பெரிசு பண்றே?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும் விட்டாய். கோபம் வந்தால் தாளை எடு, தேதியைப் போடு, பிறகு எழுது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் எழுதுகிறேன். முழுதும் படி.

என்னை இதில் இழுத்துவிட்டவனே நீ. சுவாமி கருணாலயரின் அறநிலையத்துக்கு ஒரு கம்பெனி இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள் தர முன்வந்தது. சுவாமிக்குச் சீடராகவோ உறவாகவோ இல்லாத ஒருவர் செயற்குழுவில் இருக்க வேண்டும், ஆண்டுக் கணக்கை அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. "எங்கக்கா இருக்காங்க, கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேப்பாங்க" என்று நீதான் சொன்னாயாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் குழுவில் என்னைத் தவிர எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே கல்யாண ஆல்பத்தில் இருக்கிறார்கள். பொருளாளர் தனேஸ்வரன் சுவாமியின் அக்கா மகன். செயலாளர் கலாதேவி அவன் மனைவி. கணக்கைத் தணிக்கை செய்பவர் கலாதேவியின் அண்ணன்.

பழைய ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தில்தான் அறநிலையத்தின் டயாலிசிஸ் நிலையம், கூட்டமும் அங்கேதான். கணக்கு எப்போது வரும் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது. மஞ்சள் துணியில் கட்டி, மேலே பூ வைத்து, வெள்ளித் தட்டில் வந்தது. சுவாமியின் பாதத்தில் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், நானும் ஒற்றிக்கொண்டேன், திருநீறு பூசிக்கொண்டேன், கோப்பு உள்ளே போய்விட்டது, கேசரி வெளியே வந்தது. வீடு திரும்பினால் வாட்ஸ்அப்பில் கூட்டக் குறிப்பு: ஆண்டுக் கணக்கு ஏகமனதாக ஏற்கப்பட்டது. கலாதேவியைக் கூப்பிட்டேன்.

"எப்பம்மா ஏத்துக்கிட்டோம்?"

"தீபம் தொட்டீங்கல்ல ஆன்ட்டி? அதான் ஓட்டு. பதினோரு வருஷமா இப்படித்தான்லா."

"வேணாங்கிறவங்க என்ன செய்யணும்?"

"தீபத்த யாரு ஆன்ட்டி வேணாம்பாங்க?"

அடுத்த கூட்டத்தில் மாதக் கணக்கும் அதே தட்டில் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். தட்டு என் முன்னால் நின்றது, நகரவில்லை. கற்பூரம் அணைந்தது. இன்னொரு கட்டி ஏற்றினார்கள். "தீபத்துக்குத் தலை வணங்குறேன். துணிய அவிழ்த்தா கணக்கையும் பாக்குறேன். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க" என்றேன். மறுநாளே தெருவெல்லாம் பேச்சு: கான்வென்டில் படித்த மங்களம் இந்த வயதில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாளாம். அடுத்த வீட்டு ரோசம்மா கேக்கோடு வந்து நின்றாள்.

"சொல்லவே இல்லியேக்கா! ஞாயித்துக்கெழம எந்தப் பூசைக்கு வாரீங்க? எடம் புடிச்சு வைக்கவா?"

நெற்றியில் இருந்த திருநீற்றைக் காட்டினேன்.

"அது மெதுவா போயிரும்க்கா" என்று என்னைத் தேற்றினாள். கேக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. நன்றாகச் செய்திருந்தாள்.

பிறகு சுவாமியே வீட்டுக்கு வந்தார். நீ நினைப்பதுபோல் சண்டை எதுவும் நடக்கவில்லை. "அம்மா, எம்மேல சந்தேகமா?" என்றார். "சந்தேகம் இருந்தா எங்க வீட்டுக்காரர் நாற்காலிய ஒங்களுக்குப் போட்டிருப்பேனா சாமி? நீங்க ஒரு காசு எடுக்கமாட்டீங்க. ஆனா நாளைக்கு ஒங்களுக்குப் பின்னால வாரவங்க கையில என்ன இருக்கும்? யாரும் கேக்காத பழக்கந்தான் இருக்கும்" என்றேன். ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார். வெளியார் ஒருவரை வைத்துக் கணக்கைப் பார்க்கலாம், ஆளை நானே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரமாகக் கணக்குப் பெட்டிகள் மிஸ் இயோ என்கிற சீனத் தணிக்கையாளரின் அலுவலகத்தில் இருக்கின்றன. இம்மாதக் கடைசிக்குள் என் கையெழுத்துப் போகாவிட்டால் கம்பெனி இயந்திரங்களை வேறு ஊருக்குக் கொடுத்துவிடும். பதினான்கு நோயாளிகள் காத்திருக்கிறார்கள். இது தெரியாமலா இருக்கிறேன்?

அந்தப் பதினான்கில் முதல் பெயர் இருளாயி. உன் அத்தான் பெரிய கிராணியாக இருந்து கணக்கு எழுதிய ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவள். போன வாரம் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போட்டுருங்க பெரிய கிராணியம்மா. ஐயா நீட்டுன தாள்ல எல்லாம் நாங்க கைநாட்டு வச்சோமே. என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டமா?"

நன்றியோடுதான் சொன்னாள். உன் அத்தான் பிறர் காசைத் தொடாதவர். அது எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னார், நம்பினேன். தோட்டத்தை விற்றபோது இருளாயிக்கு நட்டஈடாக எவ்வளவு வந்தது, எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அவளுடைய கைநாட்டுக்கும் என் ஆங்கிலக் கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? அவளுக்கு இயந்திரம் வேண்டும். அதோடு, கேள்வி கேட்டால் பதில் வருகிற ஓர் இடமும் அவளுக்கு வேண்டும்.

ஆகையால் மிஸ் இயோவின் அறிக்கை வராமல் பேனாவைத் தொட மாட்டேன். தனேஸ்வரனைப் பற்றி என் மனத்தில் இருப்பதை எழுதப் போவதில்லை. ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவன் அதை மூட்டை கட்டி வைக்க மாட்டான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிரமிளாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மழையில் நனையாதே, நாள் தவறாமல் மழை பெய்யும் தைப்பிங்கில் அது ஆகாத காரியம் என்றாலும் சொல்வது என் கடமை. முருகன் உனக்கு நீண்ட ஆயுளையும், பிறர் பேசி முடிக்கும்வரை தொலைபேசியைப் பிடித்திருக்கும் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மங்களம் கார்த்திகேசு.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. தபால் நிலையத்துக்குப் புறப்படும்போது மிஸ் இயோ தன் அலுவலகத்துக்கு அழைத்தாள். தனேஸ்வரனின் கணக்கு பதினோரு வருடமும் ஒரு சென் காசுகூடப் பிசகாமல் இருக்கிறதாம். ஒரே ஒரு தொகைக்குத்தான் ஆதாரம் இல்லை: நானூற்று எண்பது ரிங்கிட். நான் குழுவில் சேர்ந்த அன்று ஊர் மாதர் குழு நன்கொடையாக என் கையில் கொடுத்தது. ரசீதுப் புத்தக அடிக்கட்டையில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. இயந்திர அறையில் குளிர்கிறது என்று பன்னிரண்டு போர்வைகள் வாங்கிப் போட்டேன். பில் வாங்கவில்லை, எங்கும் எழுதவும் இல்லை. நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்திருக்கிறேன். "நான்தான் வெளியிலிருந்து வந்த உறுப்பினர்" என்று மிஸ் இயோவிடம் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் உங்களை யார் கேட்பது ஆன்ட்டி என்றாள். அங்கே இருந்த தனேஸ்வரன் பெருந்தன்மையாக, "விடுங்க ஆன்ட்டி, அந்த வரிய எடுக்கச் சொல்லிர்றேன்" என்றான். எடுக்கக் கூடாது என்று சொல்லி அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். இரண்டுமே எளிதாக இல்லை. அறிக்கையை இரண்டு தடவை முழுதாகப் படித்தேன். குறை என்று ஒரே ஒரு வரி, அதில் ஒரே ஒரு பெயர். அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டேன்.