நீலப்பட்டைப் பொசுக்கியது யார்?

அன்புள்ள தங்கச்சிக்கு, அக்கா எழுதிக்கொண்டது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் நலம் அறிய ஆசை. உன் நாத்தனார் நலம் அறிய ஆசையில்லை. என் குடையை வாங்கிப்போய் முப்பத்தோரு வருஷமாகிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து இது. புரியாவிட்டால் உரக்கப் படி, சரியாகிவிடும்.

நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அரண்மனை இஸ்திரி அறையிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. எனக்கு வாசல் காவலாளி எந்தப் பக்கம் பார்த்துக் கொட்டாவி விட்டான் என்பது வரைக்கும் இருக்கிறது. ராஜாவின் முடிசூட்டு விழாவுக்கு அவர் மைத்துனர் தோளில் போட வேண்டிய நீலப்பட்டு. அதில் தங்க நூல் சிங்கம். சிங்கத்தை மேலாகத் தேய்க்கக் கூடாது, திருப்பிப் போட்டு ஈரத்துணி விரித்துத்தான் தேய்க்க வேண்டும். அந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் கைவரும். விழாவுக்கு முந்தின நாள் பார்த்தால், சிங்கத்தின் முகத்தில் இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கருகல்! ராஜாவின் தங்கை மகன், ஏழு வயது வால், சின்ன ராஜாதான் பெட்டியை வைத்திருக்க வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை. நீயும்தான், "உனக்கு எப்பவும் பராக்குப் பார்க்கிற புத்திக்கா" என்றாய். அதையும் நான் மறக்கவில்லை.

அந்தச் சின்ன ராஜா இப்போது நரைத்த மீசையோடு தேர்தலில் நின்றார். போன புதன்கிழமை பன்னிரண்டு பேர் புடைசூழ எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். இந்தக் கட்டடத்தில் அறுபது ஓட்டு, நான் சொல்கிற பக்கம் விழும். கதவைப் பாதிதான் திறந்தேன்.

"வணக்கம்மா, உங்க பொன்னான ஓட்டை..."

"ஓட்டு கிடக்கட்டும் தம்பி. நீலப்பட்டைப் பொசுக்கினது யாரு?"

அவருடைய செயலாளர் குறுக்கே வந்தார். "அம்மா, எங்க கொள்கையைப் பத்திக் கேளுங்க."

"நான் கேக்குறதுதான்யா கொள்கை. நீ தள்ளு."

சின்ன ராஜா என்னை உற்றுப் பார்த்தார். "இஸ்திரி அக்காவா!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தாங்க்கா. சின்னப்புள்ள புத்தி. உங்க வேலை போனது என்னாலதான். மன்னிச்சிருங்க."

அத்தனை பேர் முன்னால்! கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்கு முழங்கால் வலியே போய்விட்டது. அவர் சட்டைக் காலர் கசங்கியிருந்தது, கழற்றச் சொல்லித் தேய்த்துக் கொடுத்தேன். அதுவரைக்கும் ராஜ பரம்பரை பனியனோடு என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தது. கட்டடமே எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை அறுபது ஓட்டும் அவருக்கே. ஜெயித்தும்விட்டார். ஆகவே நீ உடனே, "அக்கா, நான் சொன்னது தப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சுவரில் மாட்ட வேண்டும்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நாத்தனாருக்கு, குடை வந்த பிறகு.

இப்படிக்கு,
கறைபடாத உன் அக்கா

பி.கு.: அரண்மனையின் பழைய டிரைவர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். "பட்டு பொசுங்கின அன்னிக்குக் காலையிலேர்ந்து சின்ன ராஜா என்கூடத்தானே இருந்தாரு? பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன். அவர் போட்ட கூச்சல் இன்னும் காதுல இருக்கு" என்கிறார். அதற்கப்புறம்தான் எனக்குத் தெருவில் போன பாண்டு வாத்தியம் ஞாபகம் வருகிறது. ஜன்னல் ஞாபகம் வருகிறது. பெட்டியைப் பட்டின் மேலேயே விட்டுவிட்டு நான் வேடிக்கை பார்க்க ஓடியதும் வருகிறது. செய்யாத தப்பை இவ்வளவு அழகாக ஒத்துக்கொள்கிறவர் நல்ல பெரிய பதவிக்கு வருவார், பார். நீ கையெழுத்து அனுப்ப வேண்டாம், நாத்தனாரிடம் மூச்சுவிடாதே. நாற்பத்தாறு வருஷம் இதைச் சொல்லாமல் இருந்த டிரைவரோடு இன்றிலிருந்து எனக்குப் பேச்சு கிடையாது.