வேலம்பாளையம் ‘தொடாதீங்க’ அண்ணன்

டச் ஸ்கிரீனைத் தொடும் தகுதி உலகத்தில் ஒரு மனிதருக்கும் கிடையாது என்று நம்பிக்கொண்டே, அதே டச் ஸ்கிரீனைப் பழுது பார்த்துப் பிழைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். திருப்பூர் வேலம்பாளையத்தில் பேக்கரிக்கும் இட்லி மாவுக் கடைக்கும் நடுவில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற ஒரு கடையில் உட்கார்ந்திருப்பார். யார் போனை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை, “தொடாதீங்க.” நாளடைவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஆட்டோக்காரரிடம் “தொடாதீங்க அண்ணன் கடைக்குப் போங்க” என்றால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார். சொந்தப் பெயரைக் கேட்டவர்கள் உண்டு, பதில் வாங்கியவர்கள் இல்லை. பணம் அனுப்பினாலாவது தெரிந்துவிடும் என்று ஒருமுறை போனிலேயே அனுப்பிப் பார்த்தேன். திரையில் அவர் சம்சாரத்தின் பெயர் வந்தது.

அப்போது நான் அந்தப் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர்த் தையல்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகத்துக்கு அங்கே அப்படிப் பெயர். என் போன் ஆறு வயதுப் பழசு. அதன் திரையில் ஒருநாள் மிஷின் எண்ணெய் அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பரவியதே தவிரப் போகவில்லை. தைத்ததைச் சரிபார்க்கிற எங்கள் செக்கிங் செக்‌ஷனில் பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து மருந்து அடிப்பார்கள். கறை இருந்த இடமே தெரியாது. நான் புத்திசாலித்தனமாக, “அக்கா, இதுக்கும் ஒரு அடி அடிங்க” என்று போனை நீட்டினேன். அடித்தார்கள். கறை போயிற்று. கூடவே டச்சும் போயிற்று.

போனைத் தூக்கிக்கொண்டு முதன்முறையாக அண்ணனிடம் ஓடினேன்.

“தொடாதீங்க. மேசைல வைங்க” என்றார். வைத்தேன். குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“செக்கிங்ல குடுத்துக் கறை எடுத்தீங்களாக்கும்?”

“எப்படிங்ணா கண்டுபிடிச்சீங்க?”

“வாசம் வருதுங்கள்ல. போன்ல கோளாறு இல்லீங்க சார். கோளாறு உங்ககிட்டத்தான்.”

இது எனக்கென்று சொன்ன தனித் தீர்ப்பு இல்லை. கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் அதே தீர்ப்புதான். யாராவது எதிர்த்துப் பேசினால், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று ஒரு பழமொழியையும் சேர்த்துக் கொடுப்பார். போனைத் திருப்பிப் பார்த்தே ஆள் எந்த செக்‌ஷன் என்று சொல்லிவிடுவார். திரைக்கு உள்ளே நீராவி கோத்திருந்தால் அயர்னிங். ஓரத்தில் எண்ணெய் இறங்கியிருந்தால் டெய்லர். சார்ஜ் போடுகிற ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தால் கட்டிங். அந்தப் பஞ்சை ஊசியால் நோண்டி எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். “எதுக்குங்ணா இது?” என்று கேட்டேன். “பாட்டில் ரொம்பட்டுங்க. நூல் நூத்து ஒரு ஜட்டி தெச்சிரலாம்” என்றார். சிரிக்கவே இல்லை.

எல்லாவற்றையும் விட விசேஷம் அவருடைய மூக்கு. வேலை முடித்ததும் டச் சரியாக இருக்கிறதா என்று அவர் விரலால் பார்க்க மாட்டார். குனிந்து மூக்கு நுனியால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்ப்பார். ரோட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குப் போனைக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த ஒடிசா டெய்லர் ஒருவர், போனைத் திருப்பி வாங்கியதும் தானும் பயபக்தியோடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

“ஏனுங்ணா, விரல் இருக்கறப்ப மூக்கு எதுக்கு?”

“விரல்ல வேர்வை, உப்பு, எண்ணெய் எல்லாம் இருக்குது. மூக்குல என்ன இருக்குது?”

“சளி இருக்குமேங்ணா.”

“எனக்கு இல்லீங்க” என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அவருக்குத் தீபாவளி மாதிரி. எங்கள் ஊரில் மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கும்போது போனை மட்டும் விட மனசு வருமா? அதுவும் ஆயுதம்தானே. சந்தனத்தைக் குழைத்துத் திரை நடுவில் அப்பிவிடுவார்கள். ஒரு வருடம் சின்ன நிட்டிங் யூனிட் முதலாளி ஒருவர், நெற்றியில் வைத்த பொட்டோடும் போனில் வைத்த பொட்டோடும் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“தம்பி, போனு தானா அமுங்குதுங்க! பையரு வெலையக் கொறைங்கன்னு மெசேஜ் போட்டிருந்தான். நான் தொடவே இல்ல. இதுவே கட்டைவெரலத் தூக்கிச் சரின்னு காட்டிப்போட்டுது. யாரோ செய்வினை வெச்சுட்டாங்க!”

அண்ணன் போனைப் பார்த்தார். முதலாளியின் நெற்றியைப் பார்த்தார்.

“செய்வினை இல்லீங்க, சந்தனம். ஈரம் உள்ள எறங்கீருச்சு. ஈரம் இருந்தா யாரோ தொடறாங்கன்னு போனு நெனச்சுக்கும். அணைச்சு வைங்க, காயட்டும். போன்ல கோளாறு இல்லீங்க. உங்க பக்தியிலதான் கோளாறு.”

இப்படி நாக்கில் இரக்கமே இல்லாத மனிதர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ராமாத்தா அக்கா வருகிற வரைக்கும்.

ராமாத்தா அக்காவுக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இருபது வருடமாக செக்கிங் வேலை. கணவர் இல்லை. லைன் வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் ராணுவத்தில், எல்லையில். அங்கே செல்போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் கேம்ப் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவான். அந்த நம்பருக்கு இங்கிருந்து திருப்பிக் கூப்பிட முடியாது. அதுவரை எப்படியோ தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டிருந்த அந்த அழைப்பைத்தான் மூன்று வாரமாக அவரால் எடுக்கவே முடியவில்லை.

“மணி அடிக்குதுங்க தம்பி. பச்சையத் தள்ளறேன், தள்ளறேன், நகரவே மாட்டீங்குது. பக்கத்து ஊட்டுக்குத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ள நின்னுபோகுது. இந்த போனு என்னைய மனுசியாவே மதிக்கறதில்லீங்க.”

அண்ணன் வழக்கம்போலத் தொடாதீங்க என்றார். திரைமேல் ஒட்டியிருந்த கீறல் விழுந்த பழைய கண்ணாடியை உரித்தார். துடைத்தார். அணைத்து மறுபடி போட்டார். மூக்கால் தொட்டுப் பார்த்தார். தடங்கல் இல்லாமல் ஓடியது. தீர்ப்பு சொன்னார்: “போன்ல கோளாறு இல்லீங்க. நீங்க அழுத்தறீங்க. மெதுவாத் தள்ளுங்க.”

அடுத்த திங்கட்கிழமை, வழக்கம்போல நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா மறுபடியும் வந்தார். நாலாவது ஞாயிறும் போய்விட்டது. மெதுவாகத்தான் தள்ளினாராம். சொல்லும்போது அவர் அழவில்லை. “அவன் என்ன நெனப்பான் சொல்லுங்க. அம்மா கோவிச்சுக்கிச்சா, இல்ல செத்துப்போச்சான்னு நெனைக்க மாட்டானா?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் அந்தப் பழைய போனுக்கு ஏற்ற டிஸ்பிளே ஒன்றைத் தேடி எடுத்து மாற்றினார். மூக்குக்கு வேலை செய்தது. “சார், நீங்க தொடுங்க” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு நான் பயந்தே போனேன். தொட்டேன், திறந்தது. பேக்கரி மாஸ்டரைக் கூப்பிட்டார். மாவு ஒட்டிய விரலால் அவர் தொட்டதற்கும் திறந்தது. ரோட்டில் போன காய்கறிக்காரருக்கும் திறந்தது. அக்கா தொட்டார். திரை கல் மாதிரி இருந்தது.

“கையக் காட்டுங்க” என்றார் அண்ணன்.

அக்கா இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. பல வருடம் துணியைத் தேய்த்துத் தேய்த்து, கறை எடுக்கிற மருந்திலும் காய்ந்து, வழுவழுவென்று வறண்டு கிடந்தன.

“ரேசன் கடைல ரேகை வுழுகுதுங்களா?”

“எங்கீங்க வுழுகுது! நாலு தடவ வெச்சாலும் இல்லைங்குது மிசினு.”

அண்ணன் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த வார்த்தை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கோளாறு உங்ககிட்டத்தான். அவர் தொழிலில் முதல்முறையாக அந்த வார்த்தை நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்கப்போகிறது.

“போன்லதாங்க்கா கோளாறு” என்றார் அண்ணன். “உங்க கையில ஒண்ணுமில்ல.”

அக்கா டீ வாங்கிக் குடிக்கப் பேக்கரிக்கு நகர்ந்ததும் நான் மெல்லக் கேட்டேன். “ஏனுங்ணா, அது விரல்தானே?”

அவர் தன் கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். அந்த விரல்களும் அப்படியேதான் இருந்தன. “பத்து வருசம் சாயப்பட்டறைல ப்ளீச்சிங்ல நின்னவன் சார் நானு. எனக்கு எந்தப் போனும் தெறக்காது. பின்ன மூக்கு எதுக்குன்னு நெனச்சீங்க?”

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அத்தனை நாள் அந்த மூக்கைப் பார்த்துச் சிரித்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“அப்புறம் ஏன் போன்ல கோளாறுன்னு சொன்னீங்க?”

“வேறென்னங்க சொல்றது? இருவது வருசம் ஒழைச்ச கையிங்க அது. அதைப் போயிக் கோளாறுன்னு சொல்லச் சொல்றீங்களா?”

பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று நான் யோசனை சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “மொதச் சம்பளத்துல வாங்கிக் குடுத்துட்டுப் போனானுங்க. லீவுல வந்து எங்கன்னு கேட்டா?” விரலை நனைத்துத் தொட்டால் கொஞ்சம் கேட்டது. ஆனால் மணி அடிக்கிற அவசரத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? ரப்பர் முனை வைத்த பேனா ஒன்றை அண்ணன் கொடுத்துப் பார்த்தார். பழக்கமில்லாததில் அக்கா பச்சைக்குப் பதில் சிவப்பைத் தள்ளினார்.

கடைசியில் அண்ணன் டப்பாவிலிருந்து ஒரு பழைய இயர்போனை எடுத்தார். வயரில் சின்னதாக ஒரு பொத்தான் இருக்குமே, அது. போனில் அதைச் செருகுகிற ஓட்டையிலும் பஞ்சு. அதை நோண்டிப் பாட்டிலில் போட்டுவிட்டுச் செருகினார். “மணி அடிச்சா இதை ஒரே ஒரு அமுக்கு. திரையத் தொடவே வேண்டாம்.”

பிறகு ஒத்திகை நடந்தது. நான் ரோட்டு முனையில் நின்று அக்காவைக் கூப்பிட வேண்டும், அவர் எடுக்க வேண்டும். முதல் தடவை அக்கா அமுக்கி, “அலோ, சொல்லு சாமி!” என்றார். “சாமி இல்லீங்க்கா, நாந்தான்” என்றேன். “செரி, வெச்சர்றேன்.” இப்படிப் பதினொரு தடவை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு அக்கா என்னையே மகனாக வைத்துப் பழக ஆரம்பித்துவிட்டார். சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொள்கிறாயா என்றெல்லாம் கேட்டார். கொளுத்துகிற வெயிலில் நின்றுகொண்டு, “போர்த்திக்கறேன்மா” என்றேன். எதிர்ச் சாரியில் அண்ணன் கையை ஆட்டி, இன்னொன்று, இன்னொன்று என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறப்பதில்லை. அந்த ஞாயிறு திறந்தார். வீட்டில் இருந்து எடுக்கும்போது ஏதாவது தப்பாகிவிடக் கூடாது என்று அக்காவைக் கடைக்கே வரச் சொல்லியிருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போயிருந்தேன். பதினொரு மணி ஆயிற்று. அடிக்கவில்லை. பதினொன்றரை. அக்கா பொத்தானை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாலு வாரம் எடுக்காததால் விட்டுவிட்டானோ என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. அக்கா அமுக்கினார்.

“சாமி!”

அந்தக் குரல் எல்லைக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். அண்ணன் விருட்டென்று எழுந்து, கூரையில் தலையை இடித்துக்கொண்டு, ரோட்டுக்குப் போய்க் கடைக்கு முதுகைக் காட்டி நின்றார். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

“ஏனுங்ணா வெளிய வந்துட்டீங்க?”

“உள்ளே அவங்க பையன்கிட்டப் பேசறாங்கள்ல சார்” என்றார்.

கடைக்குள்ளிருந்து அக்காவின் பேச்சு எங்களுக்கு நன்றாகவே கேட்டது. “ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. கோவமும் இல்ல. உம்மேல நான் கோவிப்பனா? போன்லதான் கோளாறு. என்ற கை நல்லாத்தான் இருக்குது, கடைக்காரத் தம்பியே பாத்துச் சொன்னாரு.”

அண்ணன் பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த பஸ்ஸிலும் போக வேண்டியதில்லை. நான் கூடப்பிறந்தவர்கள் இல்லாதவன். அந்த அரைமணி நேரம் அவர் பக்கத்தில் நின்றபோது அந்தக் குறை எனக்குத் தெரியவில்லை.