அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், வேறென்ன சொல்ல. வருகிற ஞாயிறு வண்டியோடு வந்து என்னையும் சாமானையும் ஏற்றிப் போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வராதீர்கள். கோபமெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் அதில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, முடிகிற வரைக்கும் அணைச்சிடாதே என்றார். அது முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. துக்கம் கேட்க வந்த அவர் ஆபீஸ்காரர், அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், படம் போட்டுக் காட்டினார். எபிரேய மொழியில் பழைய புத்தகங்களாம், அச்சு இல்லாத காலத்தில் ஒன்றைப் பார்த்து ஒன்று கையால் எழுதினதாம். ஒருத்தர் ஒரு வரியை விட்டால், அதைப் பார்த்து எழுதுகிறவரும் விடுவாராம். அதனால் ஒரே தப்பு எதிலெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் ஒரே குடும்பமாம். எது எதுக்கு அம்மா, எது சித்தப்பா மகன் என்று கம்ப்யூட்டர் சொல்லுமாம். என் சமையலில் ஒரு நாளும் தப்பு சொல்லாத மனுஷன் ஆபீஸில் தப்புத் தேடித்தான் சம்பளம் வாங்கியிருக்கிறார் அண்ணா. எனக்குத் தலை சுத்துது.

படத்தின் உச்சியில் ஒரு வட்டம், உள்ளே கேள்விக்குறி. அதுதான் எல்லாத்தையும் பெத்த தாயாம், ஆனால் இப்போது இல்லையாம். இல்லாதது இருந்ததென்று எப்படித் தெரிந்தது என்றேன்.

"பிள்ளைங்கள வெச்சுத்தாம்மா."

"அப்போ பிள்ளை இல்லாத புத்தகம்?"

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படி எத்தனையோ இருந்திருக்கும். இருந்ததே நமக்குத் தெரியாது."

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்திருக்கும், எழுந்து போய்விட்டார். வாசலில் நின்று, கணக்கு முடிந்தால் சார் பேரோடு அச்சில் வரும் என்றார். அதனால்தான் அண்ணா காவல் இருக்கிறேன்.

அது லேசில்லை. ஃப்யூஸ் போய்விடுமோ என்று லைட் போடுவதில்லை, மிக்ஸி போடுவதில்லை, இஸ்திரிப் பெட்டி தொடுவதில்லை, ஃப்ரிட்ஜையும் பிடுங்கிவிட்டேன், பால் திரிந்து, அந்த நாத்தத்துக்குப் பூனை வந்து, அதை விரட்டப் போனவள் எங்கே ஒயரில் கால் படுமோ என்று திரைச்சீலையைப் பிடிக்க, அது கம்பியோடு என் தலையில் விழுந்து, சத்தம் கேட்டு ஹவுஸ் ஓனரம்மா இறங்கி வந்து, இருட்டில கிடக்கியேம்மா என்று மெயின் ஸ்விட்சில் கை வைக்க, "தொடாதீங்க, உள்ள ஒரு குடும்பமே சேர்ந்துகிட்டிருக்கு" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். உங்களுக்கு போன் வந்தால் நம்பாதீர்கள், நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. சின்னதுகள் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். நீங்கள் மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கண்ணாடிக்காரர் போன் செய்தார். என் வீட்டுக்காரரே தன் கடைசி நாளில் விடையை ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறாராம், இப்போதுதான் பார்த்தார்களாம். பேர் அச்சில் வந்துவிடுமாம். கணக்கு அன்றைக்கே முடிந்ததாம், என்னிடம் சொல்லத்தான் இவருக்கு நேரமில்லை. இத்தனை நாளும் அது சும்மாதான் ஓடியிருக்கிறது. ஆகவே ஞாயிறு வண்டி கொண்டுவாங்க. ஃப்ரிட்ஜை யாருக்காவது கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டபடியே ஏற்ற வழி உண்டா என்று டிரைவரிடம் கேளுங்கள். இப்போது ஓடுவது அவர் கையால் போட்டது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், நான் போட்டதாகிவிடும்.