இரண்டே இருக்கை

ஒரு விடுகதை. நாலு கால் உண்டு, நடக்காது. வயிறு முட்டக் குடிக்கும், வேலை செய்யாது. வீட்டில் நல்ல இடமாகப் பார்த்துப் படுத்திருக்கும்; எழுப்பினால் இருமும். அது என்ன?

என் மனைவியிடம் கேட்டேன்.

"நாலு கால்னு சொன்னதால நீங்க தப்பிச்சீங்க" என்றாள்.

விடை, என் கார். வயது அறுபத்திரண்டு. என்னைவிடப் பதினேழு வயது மூத்தது. இரண்டே இருக்கை. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். அதில் என் கார் ஓடியே தீரும் என்று சபதம் போட்டிருந்தேன்.

"நானும் பாப்பாவும் கார்ல போறோம். நீ பஸ்ல வந்து ஓரமா நின்னு கைதட்டு."

"முதல்ல கார் கிளம்புமா?"

"ஒரே தடவையில கிளம்பும்!"

"கிளம்பலேன்னா?"

"சாவி உனக்கு. நீயே ஓட்டிட்டுப் போ!"

அவளிடம் லைசென்ஸ் உண்டு. ஆனால் என் காரை அவள் தொட்டதே இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காரைக் கிளப்ப ஒரு முறை இருக்கிறது. சோக் குமிழை வெளியே இழுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டுக்கு மேல் மிதித்தால் என்ஜினுக்குள் பெட்ரோல் வழிந்துவிடும். கார் அசையாது. சிக்கல் என்னவென்றால், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என் கால் சும்மா இருக்காது. இந்த ரகசியமும் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஷெட் கதவைத் திறந்தேன். எதிரே ஸ்டூல் போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாடி வீட்டுக்காரர், அவருடைய மாமியார், எதிர்வீட்டு டாக்டர்.

"எல்லாரும் ஆசையா வந்திருக்காங்க. ஆரம்பிங்க" என்றாள் மனைவி.

"சார், தள்ளணும்னா சொல்லுங்க" என்றார் மாடி வீட்டுக்காரர்.

"அவசியமே இல்ல!"

சோக்கை இழுத்தேன். ஒன்று. இரண்டு. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மூன்று. மாமியார் எட்டிப் பார்த்தார். நான்கு, ஐந்து, ஆறு.

சாவியைத் திருப்பினேன். ஓர் இருமல். அப்புறம் பெட்ரோல் வாடை.

"டாக்டர், நாடி இருக்கான்னு பாருங்க" என்றார் மாடி வீட்டுக்காரர்.

மனைவி கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். குனிந்து பார்க்காமலே விசையைத் தொட்டு இருக்கையை முன்னால் இழுத்தாள். சோக்கை உள்ளே தள்ளினாள். வழிந்த பெட்ரோல் வற்றட்டும் என்று ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். இரண்டு குமுறல், மூன்றாவதில் கார் கம்பீரமாக உறுமியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் கிளப்புறீங்க. மத்த ஆறு நாளும் பேட்டரி இறங்காம யாருங்க பாத்துக்கிட்டது?"

"அப்போ இந்தக் கூட்டம்?"

"நாலு பேர் பாத்தா உங்க கால் தையல் மெஷின் மாதிரி ஓடுமே! எட்டரைக்கு ஒரு பஸ் இருக்கு."

நான் விடுகிற ஆள் இல்லை. இன்னும் ஓர் இருக்கை பாக்கி இருந்தது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயது மகளின் முன்னால் மண்டியிட்டேன்.

"பாப்பா, அப்பாவுக்கு இந்தக் கார்னா உயிர். நீயே நியாயம் சொல்லு. இந்த சீட்ல யார் உக்காரணும்?"

பாப்பா தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.